என்ஜிசி 253-இன் அடர்ந்த வாயு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர்களிடமும் வானியல் ஆர்வலர்களிடமும் கேலக்ஸிகளைப் பற்றிப் பேசப் போகும்போதெல்லாம் ஒரே படத்தைத்தான் எடுத்துப் போகிறேன். என்ஜிசி 253 என்ற கேலக்ஸியின் நடுப்பகுதியில் ஹைட்ரஜன் சயனைடு மூலக்கூறு வீசும் ரேடியோ அலைகளின் வரைபடம் அது. கறுப்புப் பின்னணியில் சாய்ந்து கிடக்கும் மஞ்சள் பட்டை, அதில் வரிசையாகச் சில பிரகாசமான முடிச்சுகள். படம் மாறாததால் கேள்விகளும் மாறுவதில்லை. கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, நான் வழக்கமாகச் சொல்லும் பதிலைக் கீழே தருகிறேன். பின்னால் வரும் சில பதில்கள் முன்னால் வந்தவற்றின் மேல் நிற்பதால் மேலிருந்தே படிப்பது நல்லது.

வாயு என்றாலே மெல்லியதுதானே? அதில் "அடர்ந்த வாயு" என்ன?

நீங்கள் இப்போது மூச்சில் இழுக்கும் காற்றில் ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 2.5 லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள் இருக்கின்றன. நட்சத்திரங்களுக்கு இடையே உள்ள வெளியில் சராசரியாக அதே இடத்தில் ஓர் அணு. சாதாரண மூலக்கூறு மேகத்தில் சில நூறு. பத்தாயிரத்தைத் தாண்டினால் "அடர்ந்தது" என்கிறோம். ஆய்வகத்தில் மிக நன்றாக உறிஞ்சி எடுத்த வெற்றிடக் குடுவையில்கூடக் கோடிக்கணக்கில் மிஞ்சியிருக்கும். ஆக, எங்கள் அடர்த்தி உங்கள் வெற்றிடத்தைவிட வெறுமையானது. சிரித்துக்கொள்ளலாம்.

ஆனால் அந்தப் பத்தாயிரம் முக்கியம். நட்சத்திரம் பிறப்பது மேகம் முழுவதிலும் அல்ல, அதற்குள் இறுகிய சிறு பகுதிகளில்தான். அந்தப் பகுதிகள் எங்கே, எவ்வளவு என்று தேடுவதே இந்த வரைபட வேலை.

ஸ்டார்பர்ஸ்ட் என்றால் நட்சத்திரங்கள் வெடிக்கின்றனவா?

இல்லை, பிறக்கின்றன. பெயர்தான் குழப்புகிறது. நம் பால்வெளி முழுவதும் சேர்ந்து ஆண்டுக்கு ஏறத்தாழ இரண்டு சூரிய நிறை அளவுக்குப் புதிய நட்சத்திரங்களை உருவாக்குகிறது. என்ஜிசி 253 கிட்டத்தட்ட அதே அளவை, நடுவில் ஆயிரம் ஒளியாண்டு சொச்சம் அகலமுள்ள இடத்தில் மட்டும் செய்து முடிக்கிறது. ஊர் முழுக்க எரியும் அடுப்புகளை ஒரே கூடத்தில் வைத்து எரிப்பது போல.

பிறப்பவற்றில் கனமான நட்சத்திரங்கள் சில பத்து லட்சம் ஆண்டுகளில் சூப்பர்நோவாவாக வெடிப்பது உண்மைதான். அது பிறப்பின் பின்விளைவு.

எல்லாம் ஹைட்ரஜன் என்கிறீர்கள். ஹைட்ரஜனையே நேராகப் பார்த்தால் என்ன?

பார்க்க முடிந்தால் இந்தப் பக்கத்துக்கே தேவை இருக்காது. ஹைட்ரஜன் மூலக்கூறில் இரண்டும் ஒரே வகை அணு. மின்னூட்டம் இரு பக்கமும் சமம். அதனால் அது சுழன்றாலும் ரேடியோ அலை வீசாது. ஒரு மூலக்கூறு தனக்கே உரிய குறிப்பிட்ட அலைநீளத்தில் வீசுவதைக் கோடு என்கிறோம். அது வீசக்கூடிய மிகக் குறைந்த ஆற்றல் கோடு 28 மைக்ரான் அகச்சிவப்பில் இருக்கிறது. அதை வீசும் சுழற்சிப் படிக்கு ஏற 510 கெல்வின் அளவுக்கு ஆற்றல் வேண்டும். மேகங்களோ 10, 20 கெல்வினில் உறைந்து கிடப்பவை. ஸ்டார்பர்ஸ்ட் நடுவில் கொஞ்சம் கதகதப்பு உண்டு, அதுவும் போதாது.

எனவே ஹைட்ரஜனோடு கலந்திருக்கும் வேறொரு மூலக்கூறைத் தேட வேண்டும். முதலில் கை கொடுத்தது கார்பன் மோனாக்சைடு. 1970-இல் நம் கேலக்ஸியில் அதன் 2.6 மில்லிமீட்டர் அலை பிடிபட்டது. 1975-இல் வேறு கேலக்ஸிகளிலும் பிடித்தார்கள். அந்த முதல் வெற்றியிலேயே எம்82 என்ற இன்னொரு ஸ்டார்பர்ஸ்ட் கேலக்ஸி, என்ஜிசி 253 இரண்டும் இருந்தன.

கார்பன் மோனாக்சைடு இருக்க, விஷமான ஹைட்ரஜன் சயனைடு எதற்கு?

விஷம் உங்களுக்கும் எனக்கும்தான், மேகத்துக்கு அல்ல. அதைத் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம் அதன் அவசர குணம். ஒரு மூலக்கூறு பக்கத்தில் வரும் ஹைட்ரஜனோடு மோதும்போது சுழற்சியில் ஒரு படி மேலே ஏறுகிறது. பிறகு அலையை வீசிவிட்டு இறங்குகிறது. முதல் படிக்கு ஏறிய கார்பன் மோனாக்சைடு தானாக இறங்கச் சராசரியாக 160 நாள் எடுத்துக்கொள்ளும். ஹைட்ரஜன் சயனைடு பதினொன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடும். அதன் இரு முனைகளுக்கும் இடையிலான மின் ஏற்றத்தாழ்வு சுமார் 27 மடங்கு பெரியது என்பதே காரணம்.

இரண்டு பானைகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஊசித் துளை, மற்றதில் விரல் நுழையும் ஓட்டை. குழாய் சொட்டுச் சொட்டாக விழுந்தாலே முதல் பானை நிரம்பி நிற்கும். இரண்டாவது நிரம்ப வேண்டுமானால் குழாயை முழுக்கத் திறந்துவிட வேண்டும். இங்கே குழாய் என்பது மோதல். மோதல் அடிக்கடி நடக்க வேண்டுமானால் வாயு நெருக்கமாக இருக்க வேண்டும். அதனால் ஹைட்ரஜன் சயனைடு பளிச்சென்று தெரியும் இடம் அடர்ந்த இடம் என்று எடுத்துக்கொள்கிறோம். இந்தப் பானையை மறந்துவிடாதீர்கள். பின்னால் இதுவே எங்களைக் கொஞ்சம் சங்கடப்படுத்தும்.

படத்தில் தெரிவது உண்மையான நிறமா?

இல்லை. மஞ்சள் நான் போட்டது. நீலம் வேண்டுமானால் நீலமாக்கித் தருகிறேன்.

தொலைநோக்கி தருவது ஒரு படம் அல்ல, படங்களின் அடுக்கு. ஒவ்வொரு தாளும் ஓர் அதிர்வெண். ஒவ்வோர் அதிர்வெண்ணும் ஒரு வேகம். ஒரு புள்ளியைத் தொட்டுக் காட்டுகிறேன். ஹைட்ரஜன் சயனைடின் முதல் கோடு ஆய்வகத்தில் 88.63 கிகாஹெர்ட்ஸ். என்ஜிசி 253 நம்மிடமிருந்து வினாடிக்குச் சுமார் 240 கிலோமீட்டர் வேகத்தில் விலகுவதால் அது 88.56-க்கு அருகே வந்து நிற்கிறது. பட்டையின் ஒரு முனையில் அதைவிடச் சற்றுக் கூடுதல், மறுமுனையில் சற்றுக் குறைவு; ஏனென்றால் நடுப்பகுதி சுழல்கிறது. தாள்களை வேகமாகப் புரட்டினால் பளிச்சென்ற புள்ளி ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நகர்வது தெரியும். முதல் முறை பார்த்தபோது நாற்காலியை விட்டு எழுந்தேன். நீங்கள் பார்க்கும் மஞ்சள் படம் அந்தத் தாள்களையெல்லாம் கூட்டிப் போட்டது. அழகு அதில், விஷயம் அடுக்கில்.

புனே பக்கத்தில் ஜிஎம்ஆர்டி இருக்கிறதே, அது போதாதா?

அது 30 ராட்சதக் கிண்ணங்கள் கொண்ட அருமையான ரேடியோ தொலைநோக்கி, ஆனால் அது கேட்கும் சுருதி வேறு. ஜிஎம்ஆர்டி அதிகபட்சம் 1450 மெகாஹெர்ட்ஸ் வரை கேட்கும். நமக்கு வேண்டியது அதைப்போல் 60 மடங்கு. அலைநீளம் 3.4 மில்லிமீட்டர். ஜிஎம்ஆர்டியின் கிண்ணம் கம்பி வலையால் ஆனது. அந்த வலைக் கண்ணில் இந்த அலை புகுந்து போய்விடும். இதே கேலக்ஸிகளில் தனி அணுவாக இருக்கும் ஹைட்ரஜனை 21 சென்டிமீட்டர் அலையில் பார்க்க ஜிஎம்ஆர்டி பொருத்தமானது. அது வேறு கதை.

மில்லிமீட்டர் அலைக்கு வழவழப்பான கிண்ணமும் ஈரமில்லாத காற்றும் வேண்டும். காற்றிலுள்ள நீராவி இந்த அலைகளை விழுங்கிவிடும். பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தில் ஒரு காலத்தில் 10.4 மீட்டர் மில்லிமீட்டர் தொலைநோக்கி இருந்தது. நகரத்தின் உயரமோ 900 மீட்டர்தான். சிலியில் 5000 மீட்டர் உயரப் பாலைவனத்தில் 66 கிண்ணங்களோடு நிற்கும் அல்மாவோடு அதை ஒப்பிட முடியாது. அல்மாவைத் தவிர ஸ்பெயினில் 2850 மீட்டர் உயரத்தில் ஐராம் நிறுவனத்தின் 30 மீட்டர் கிண்ணமும், பிரெஞ்சு ஆல்ப்ஸ் மலையில் 12 கிண்ணங்கள் கொண்ட நோயெமாவும் இந்தத் துறையின் தூண்கள்.

எத்தனையோ கேலக்ஸி இருக்க, எப்போதும் இந்த இரண்டு மூன்றையே ஏன் பார்க்கிறீர்கள்?

பக்கத்தில் இருப்பதால். என்ஜிசி 253 சுமார் 1.14 கோடி ஒளியாண்டு தூரத்தில், எம்82 சுமார் 1.2 கோடியில். ஆல்கெமி என்ற அல்மா திட்டம் என்ஜிசி 253-இன் நடுவை 84 முதல் 373 கிகாஹெர்ட்ஸ் வரை துழாவி, நூற்றுக்கும் மேற்பட்ட மூலக்கூறு வகைகளைப் பதிவு செய்தது. அதன் கூர்மை 1.6 ஆர்க் வினாடி (ஒரு டிகிரியை 3600-ஆகப் பிரித்தால் ஒரு பங்கு ஓர் ஆர்க் வினாடி). மூன்றரை கிலோமீட்டர் தள்ளி யாரோ பிடித்திருக்கும் பத்து ரூபாய் நாணயத்தின் அகலம் அவ்வளவுதான். என்ஜிசி 253-இல் அது சுமார் 88 ஒளியாண்டு. தனித்தனி மேகங்களைப் பிரித்துப் பார்க்கலாம். இரண்டு கேலக்ஸிகள் மோதிக் கலந்து உருவான, 25 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள ஆர்ப் 220-இல் அதே கூர்மை ஏறத்தாழ 2000 ஒளியாண்டு. அதன் இரண்டு மையங்களும் ஒரே பொட்டாகக் கலந்துவிடும்.

இன்னொரு தடையும் உண்டு. எம்82 வட வானில் மிக உயரத்தில் இருப்பதால் அல்மா இருக்கும் இடத்தில் அது அடிவானத்துக்கு மேலே வருவதே இல்லை. உலகின் மிக வலிமையான மில்லிமீட்டர் தொலைநோக்கி, மிகப் பிரபலமான ஸ்டார்பர்ஸ்ட் கேலக்ஸியைப் பார்க்கவே முடியாது. அதற்கு நோயெமாவிடம்தான் போக வேண்டும்.

படத்தில் கறுப்பாக இருக்கும் இடத்தில் வாயுவே இல்லையா?

அப்படிச் சொல்லாதீர்கள். எனக்கு அதிகம் கோபம் வருவது இந்தத் தவறில்தான். மாணவனாக இருந்தபோது நானே ஒரு கறுப்புப் பள்ளத்தைக் காட்டி "இங்கே ஒரு குமிழி வாயுவை ஊதித் தள்ளியிருக்கிறது" என்று அரை மணி நேரம் பேசியிருக்கிறேன். பள்ளம் கேலக்ஸியில் இல்லை, என் தரவில் இருந்தது.

பல கிண்ணங்களைச் சேர்த்து ஒரே தொலைநோக்கியாக்கும்போது, இரண்டு கிண்ணங்களுக்கு இடையே உள்ள தூரம் எந்த அளவுள்ள உருவம் தெரியும் என்பதைத் தீர்மானிக்கிறது. தூரமாக வைத்தால் நுணுக்கம் தெரியும். ஆனால் கிண்ணங்களை ஒன்றோடொன்று இடிக்கும் அளவுக்கு அருகே வைக்க முடியாது. அதனால் பரந்து விரிந்த மங்கலான வெளிச்சம் வடிகட்டப்பட்டுவிடும். கோலத்தின் கோடுகள் தெரியும், வாசலின் தரை தெரியாது. மோசமான இடங்களில் எண்கள் பூஜ்யத்துக்குக் கீழேயே போய்விடும். இதைச் சரிக்கட்டத்தான் அல்மாவில் 50 கிண்ணங்கள் கொண்ட முதன்மை வரிசையோடு, நெருக்கி வைத்த 12 சிறிய 7 மீட்டர் கிண்ணங்களும், தனித்தனியாக மொத்த வெளிச்சத்தை அளக்கும் நான்கு 12 மீட்டர் கிண்ணங்களும் இருக்கின்றன. யாராவது படம் காட்டினால் "மொத்த வெளிச்சமும் சேர்த்ததா?" என்று முதலில் கேளுங்கள்.

பிரகாசத்திலிருந்து எடையை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்?

ஒரு பெருக்கு எண்ணால். கேட்கச் சங்கடமாக இருக்கும், ஆனால் அப்படித்தான். பால்வெளியின் மேகங்களில் கார்பன் மோனாக்சைடு வெளிச்சத்தை எடையாக மாற்றும் எண், வழக்கமான அலகில் 4.3. ஆர்ப் 220 போன்ற கொந்தளிப்பான கேலக்ஸிகளுக்கு அதே எண்ணைப் போட்டால், சுழற்சி வேகம் அனுமதிக்கும் மொத்த எடையையே வாயு மீறும் நிலை வரும். அங்கே 0.8 அளவில் எடுப்பது வழக்கம். ஐந்து மடங்கு வித்தியாசம்! ஹைட்ரஜன் சயனைடுக்குச் சுமார் 10 என்ற எண் பழக்கத்தில் இருக்கிறது. அதையும் எல்லா இடத்துக்கும் ஒன்றாக வைப்பது துணிச்சல்.

எனவே வரைபடத்தின் ஓரத்தில் "சூரிய நிறை" என்று அளவுகோல் போட்டிருந்தால் அது ஒருவரின் முடிவு. வெளிச்சம்தான் அளவீடு.

அடர்ந்த வாயு எங்கே இருக்கிறதோ அங்கே நட்சத்திரம் பிறக்கும் என்பது விதியா?

கிட்டத்தட்ட விதி போலவே தோன்றியது. யூ காவ், ஃபிலிப் சாலமன் இருவரும் 2004-இல் 65 கேலக்ஸிகளின் ஹைட்ரஜன் சயனைடு வெளிச்சத்தையும் அகச்சிவப்பு வெளிச்சத்தையும் ஒப்பிட்டார்கள். பிந்தையது நட்சத்திரப் பிறப்பின் அளவுகோல். இரண்டும் நேர்கோட்டில் விழுந்தன. அடர்ந்த வாயு இரட்டித்தால் பிறப்பும் இரட்டிக்கும். அவர்கள் கணக்கில் 10 கோடி சூரிய நிறை அடர்ந்த வாயு, ஆண்டுக்கு 1.8 சூரிய நிறை நட்சத்திரங்களைத் தரும். ஸ்டார்பர்ஸ்ட் கேலக்ஸிகளின் ரகசியம் வாயு அதிகம் இருப்பது மட்டுமல்ல, அதில் பெரும்பங்கு அடர்ந்திருப்பது என்பது அவர்களின் வாதம்.

கிட்டே போய்ப் பார்த்ததும் கோடு கொஞ்சம் பிசிறடித்தது. நம் பால்வெளியின் நடுவிலேயே ஏராளமான அடர்ந்த வாயு இருக்கிறது. விதிப்படி பிறக்க வேண்டியதில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் பிறக்கிறது. ஐராம் 30 மீட்டர் கிண்ணத்தால் ஒன்பது கேலக்ஸிகளின் வட்டுகளை முழுக்க வரைந்த எம்பயர் திட்டமும், நடுவை நெருங்க நெருங்க அடர்ந்த வாயுவின் பங்கு கூடுகிறது, ஆனால் அதே அளவு வாயு பெற்றெடுக்கும் நட்சத்திரம் குறைகிறது என்று காட்டியது. சுற்றுப்புறத்தின் அழுத்தமும் கொந்தளிப்பும் எல்லாமே அதிகமான இடத்தில், பத்தாயிரம் என்ற அடர்த்திக்குத் தனி மரியாதை இல்லை போலும்.

ஹைட்ரஜன் சயனைடு அடர்ந்த வாயுவையே காட்டுவதில்லை என்று படித்தேன். அப்படியானால் உங்கள் படமே தவறா?

இந்தக் கேள்வி வரும்போது கூட்டத்தில் ஒருவராவது விஷயம் தெரிந்தவர் என்று புரிந்துகொள்வேன். ஓரியன் மேகங்கள் நம்மிடமிருந்து சுமார் 1300 ஒளியாண்டுதான். அங்கே மேகத்தின் ஒவ்வொரு மூலையையும் தனியாகப் பார்க்கலாம். 2017-இல் வந்த ஓர் ஆய்வு ஓரியன் ஏ மேகத்தில் ஹைட்ரஜன் சயனைடு வெளிச்சம் பெரும்பாலும் கன சென்டிமீட்டருக்குச் சுமார் 870 என்ற அடர்த்தியுள்ள வாயுவிலிருந்து வருவதாகச் சொன்னது. ஓரியன் பி மேகத்திலும் கதை அதேதான். பத்தாயிரம் எங்கே, 870 எங்கே!

பானைக்குத் திரும்புவோம். பெரிய ஓட்டைப் பானை நிரம்பாது என்று சொன்னேன். சொட்டாது என்று சொல்லவில்லை. மெல்லிய வாயுவிலும் மோதல் எப்போதாவது நடக்கும், ஒவ்வொரு மோதலுக்கும் ஒரு சொட்டு விழும். ஓர் இடத்தில் அது அற்பம். ஆனால் மெல்லிய வாயு அடர்ந்த வாயுவைவிடப் பல மடங்கு பரப்பில் விரிந்து கிடக்கிறது. சிறு சொட்டுகள் சேர்ந்து குளமாகிவிடுகின்றன. தவிர, வெளியேறும் அலை பக்கத்து மூலக்கூறில் சிக்கித் திரும்பவும் உறிஞ்சப்படுவதால் ஓட்டை பாதி அடைபடுகிறது. சுதந்திர எலக்ட்ரான்கள் இருக்கும் இடத்தில் அவையும் மோதிக் குழாயைத் திறந்துவிடுகின்றன.

அப்படியானால் மாற்று? இரண்டு நைட்ரஜனும் ஒரு ஹைட்ரஜனும் சேர்ந்த டயசெனைலியம் அயனி ஓரியனில் அடர்ந்த இடத்தோடு ஒட்டிக்கொண்டே இருக்கிறது. கார்பன் மோனாக்சைடு அதைத் தின்றுவிடும். குளிரில் கார்பன் மோனாக்சைடு தூசியில் உறைந்த பிறகே அது தழைக்கும். ஆனால் பிற கேலக்ஸிகளில் அதன் கோடு ஹைட்ரஜன் சயனைடைவிடப் பல மடங்கு மங்கல். ஸ்டார்பர்ஸ்ட் நடுவிலோ தூசி சூடாக இருப்பதால் இந்த உறைதல் கணக்கே பொருந்தாது. என் நிலை இதுதான்: ஹைட்ரஜன் சயனைடுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் உள்ள விகிதம், வாயுவின் சராசரி அடர்த்தி கூடுகிறதா குறைகிறதா என்பதை நம்பும்படி சொல்கிறது. "இத்தனை சூரிய நிறை, பத்தாயிரத்துக்கு மேல்" என்று அது சொல்வதாக நான் இப்போதெல்லாம் மேடையில் சொல்வதில்லை. முன்பு சொன்னேன்.

இரண்டு மூலக்கூறுகளை ஒப்பிட்டே நடுவில் கருந்துளை இருக்கிறதா என்று சொல்லிவிடலாமாமே?

ஹைட்ரஜன் சயனைடின் வெளிச்சம் ஃபார்மைல் அயனியின் (ஹைட்ரஜன், கார்பன், ஆக்சிஜன் மூன்றும் சேர்ந்தது) வெளிச்சத்தைவிட ஓங்கியிருந்தால் கருந்துளை, தாழ்ந்திருந்தால் ஸ்டார்பர்ஸ்ட் என்று ஒரு காலத்தில் சூத்திரம் போல் சொன்னார்கள். எம்82-இல் ஃபார்மைல் ஓங்கியிருக்கிறது, கருந்துளை சுறுசுறுப்பாக இருக்கும் என்ஜிசி 1068-இல் ஹைட்ரஜன் சயனைடு. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் வெப்பம், அதிர்வலை, காஸ்மிக் கதிர் (விண்வெளியில் பாயும் அதிவேகத் துகள்கள்) எல்லாமே இந்த விகிதத்தைக் கலைக்கும். என்ஜிசி 253-இன் நடுவில் காஸ்மிக் கதிர்கள் வாயுவை அயனியாக்கும் வேகம் பால்வெளியின் சாதாரண மேகங்களைப்போல் ஆயிரம் மடங்குக்கும் மேல் என்று ஆல்கெமி ஆய்வுகள் காட்டுகின்றன. அந்தச் சமையலறையில் ஒரே ஒரு மசாலாவின் வாசனையை வைத்துச் சமையற்காரரைக் கண்டுபிடிக்க முடியாது.

இந்த வேகத்தில் போனால் வாயு தீர்ந்துவிடாதா?

தீரும். மேலே சொன்ன காவ், சாலமன் கணக்கை வகுத்துப் பாருங்கள்: 10 கோடியை 1.8-ஆல் வகுத்தால் ஐந்தரைக் கோடி ஆண்டு. கேலக்ஸியின் ஆயுளில் அது ஒரு மதியத் தூக்கம். வெளியிலிருந்து வாயு வந்து சேர்ந்தால் நீடிக்கும்.

பிறப்பில் மட்டும் செலவாவதும் இல்லை. என்ஜிசி 253-இன் நடுவிலிருந்து மூலக்கூறு வாயு வட்டுக்கு மேலேயும் கீழேயும் பீய்ச்சி அடிக்கப்படுவதை அல்மா படம் பிடித்தது. 2013-இல் வெளியான அந்த ஆய்வின்படி ஆண்டுக்குக் குறைந்தது மூன்று, அநேகமாக ஒன்பது சூரிய நிறை வெளியேறுகிறது. பிறப்பதைவிடப் போவது அதிகம். அந்தப் பீச்சலுக்குள்ளும் ஹைட்ரஜன் சயனைடு தெரிந்தது 2017-இல் வந்த செய்தி. அதாவது மெல்லிய வாயு மட்டும் ஊதப்படவில்லை. போனதெல்லாம் போய்விடுமா, ஒரு பகுதி திரும்ப விழுமா என்பதில் இன்னும் சண்டை இருக்கிறது.

இந்தத் தரவை நானும் எடுத்துப் பார்க்கலாமா?

தாராளமாக. கேட்டு வாங்கிய குழுவுக்கு வழக்கமாக 12 மாதம் தனி உரிமை, பிறகு அல்மா தரவு யாருக்கும் திறந்துவிடப்படும். மூலத் தரவைத் தொடாதீர்கள், வீட்டு இணையம் அழுதுவிடும். தயாரான படங்களின் அடுக்கை மட்டும் எடுங்கள். அதைப் புரட்டிப் பார்க்கக் கார்ட்டா என்ற இலவச மென்பொருள் போதும். முதலில் அந்தப் புள்ளி முனைக்கு முனை நகர்கிறதா என்று பாருங்கள். பிறகு எதிர்மறை எண்கள் எங்கே இருக்கின்றன என்று பாருங்கள்.

வெறும் கண்ணால் பார்க்க வழி உண்டா?

வெறும் கண்ணுக்கு எட்டாது, பைனாகுலருக்கு எட்டும். என்ஜிசி 253-ஐ 1783-இல் கரோலின் ஹெர்ஷல் கண்டுபிடித்தார். இங்கிலாந்தில் அவருக்கு அது அடிவானத்தை ஒட்டித்தான் தெரிந்திருக்கும். நமக்கு அதிர்ஷ்டம் கூடுதல். சென்னையிலிருந்து பார்த்தால் தெற்கு வானில் 50 டிகிரிக்கு மேல் ஏறும். நவம்பர் மாதம் இரவு ஒன்பது மணி வாக்கில், மழை விட்டிருந்தால், ஊர் வெளிச்சம் இல்லாத இடத்தில் தேடுங்கள். நீளமான மங்கல் கீற்றாகத் தெரியும். எம்82-க்கு மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம் வரை காத்திருந்து வடக்கே பாருங்கள். 33 டிகிரி உயரத்துக்கு மேல் வராது, சிறிய தொலைநோக்கி இருந்தால் நல்லது. நான் காட்டும் மஞ்சள் பட்டை அந்தக் கீற்றின் நட்டநடுவில் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும்.